கொக்குகளுக்காக வெடிக்காத பட்டாசு

"சாப் கோ மேவுக்கு முதல் நாள், காலை ஒன்பது. நீர் இறக்கம். சேறு தெரியும். அதிகாரி வருகிறார்."

என் கையெழுத்துதான். பென்சில். 'நீர் இறக்கம்' என்பதன் மேல் மட்டும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. போன வாரம் அலமாரியை ஒழித்தபோது, மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, அடுத்த வருஷத்து நீரேற்ற அட்டவணைப் புத்தகத்திலிருந்து இந்தச் சீட்டு விழுந்தது. தேதி விஷயத்தில் நான் கறார் என்று நண்பர்கள் சொல்வார்கள். அவர்களில் யாருக்கும் அந்தச் சிவப்புக் குறியைக் காட்டியதில்லை. உங்களுக்குக் காட்டுகிறேன்.

சீட்டை மோந்து பார்த்தேன். பெலாச்சான் என்கிற இறால் விழுதின் வாசனை போகவே இல்லை. அன்றைக்கு என் சட்டைப் பையில் இந்தச் சீட்டோடு காமாட்சி மக்சிக் கொடுத்த பெலாச்சான் பொட்டலமும் இருந்தது. மக்சிக் என்றால் மலாயில் அத்தை; காஜா பேராங்கில் எங்களுக்குப் பின்வீடு. மலாக்காச் செட்டிக் குடும்பம். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். அவர் பேச்சை என் தமிழில்தான் தர முடியும்.

போகியன்று அவர்கள் வீட்டில் பார்ச்சு நடக்கும். இறந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வாழையிலையில் படைப்பார்கள். மக்சிக்கின் கணவருக்குப் பிடித்தது லோக்கான், சேற்றுக்குள் கிடக்கும் உள்ளங்கை அகலச் சிப்பி. அதுவும் மலாக்கா ஆற்று முகத்துச் சேற்றுமேட்டில் எடுத்ததாக இருக்கவேண்டும்.

"வேற எடத்து லோக்கான தொட மாட்டாரு."

"இப்பவுமா மக்சிக்?"

"செத்த பெறகு இன்னும் மோசம்."

அந்த மேட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. அதில் நின்ற அலையாத்தி மரங்களை வெட்டி, சேற்றை மூடி, கிடங்கு கட்ட யாரோ ஒரு முதலாளி அனுமதி கேட்டிருந்தார். நான் அப்போது ஆற்று முகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. விண்ணப்பத்தின் நகல் எங்கள் மேசைக்கு வந்தது. "பயனற்ற சேறு" என்று இருந்தது. கொக்கும் நாரையும் தினம் இரை தேடும் இடம். நீர்நாய் குட்டிகளோடு படுத்திருப்பதை என் ஜன்னலிலிருந்தே பார்ப்பேன். எனக்குக் கோபம் வந்தது. குமாஸ்தாவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வான்? மனு எழுதினேன்.

கோயிலில், சூரா என்ற சின்னப் பள்ளிவாசலில், காப்பிக்கடையில் கையெழுத்து வாங்கினோம். தொங்கான் படகுகளின் மேஸ்திரி துரைசாமி அண்ணன் கட்டைவிரலை வைத்துவிட்டு, மிச்ச மையை என் வெள்ளைச் சட்டையில் துடைத்தார். "மனு எழுதுறவன் மேலயும் ஒரு ஒப்பம் இருக்கட்டும்டா, பலகை ராஜா."

பலகை ராஜா என்றது சும்மா இல்லை. தினம் காலையில் அன்றைய நீரேற்ற, இறக்க நேரத்தைப் புத்தகத்தில் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. அதனால் நேரம் குறிக்கும் பொறுப்பை எல்லாரும் எனக்கே விட்டார்கள். நீர் வற்றிய நேரத்தில் அனுமதி தரும் அதிகாரியை அழைத்து, சேற்றில் மேயும் கொக்குகளையும் மக்சிக்கின் கூடை நிறைய லோக்கானையும் காட்டுவது திட்டம்.

நாளைச் சொன்னதும் மக்சிக் மறுத்துத் தலையாட்டினார். "அன்னிக்குத் தண்ணி ஏறி நிக்கும் லா."

நான் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. "உன் புஸ்தகம் சொன்னா சரி," என்று சிரித்துவிட்டுப் போனார்.

பறவைகள் கலையக் கூடாது. சீனப் புத்தாண்டோ அதன் பதினைந்தாம் நாளான சாப் கோ மேவில்தான் முடியும், ஆற்றோரம் முழுக்கப் பட்டாசு. காப்பிக்கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் போய்த் தயங்கி நின்றேன். பிசாசை விரட்ட வெடிப்பது அது.

"ஒரு காலைதானே? பிசாசு காத்திருக்கும் லா," என்று அவரே தெருவில் சொல்லி வைத்தார். தொங்கானை நிறுத்துவதாக துரைசாமி அண்ணனும், மேளத்தை நிறுத்துவதாகக் கோயிலிலும் சொன்னார்கள்.

அந்தக் காலை வந்தது. நானும் வந்தேன். சேறு வரவில்லை! மரங்களின் இடுப்புவரை தண்ணீர். ஒரு வாரம் தள்ளியிருந்த வரியைப் பார்த்து எழுதியிருக்கிறேன். ஒரு வாரத்தில் ஏற்றமும் இறக்கமும் இடம் மாறிவிடும். வெறுங்கூடையோடு மக்சிக். "பலகை ராஜா, சேறு எங்கடா? பசியாறப் போயிருக்கா?" என்றார் துரைசாமி அண்ணன். அதிகாரி தொப்பியைக் கழற்றி, தண்ணீரைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆனால் ஊர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. தொங்கான் ஒன்றும் அசையவில்லை. ஒரு சரவெடி இல்லை, கோயில் மேளம் இல்லை. அத்தனை பேர் நின்றும் அலை மரத்தில் மோதும் சத்தம்தான் கேட்டது. அப்போது கொக்குகள் வரத் தொடங்கின. கரையெல்லாம் நீர் மூடியதால் நிற்க இடம் தேடி, கிளேபாங் கடற்கரைப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக. அந்தச் சில மரங்களைத் தவிர அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உட்கார்ந்ததில் பச்சையே தெரியவில்லை; மரங்கள் வெள்ளை வெளேரென்று நின்றன.

அதிகாரி தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்: "மரத்தை வெட்டினால் இவை எங்கே போகும்?"

மனுவில் நான் எழுத மறந்த கேள்வி அது. மக்சிக்தான் பதில் சொன்னார். "அதத்தான் நாங்களும் கேக்குறோம், துவான்."

சித்திரை பிறப்பதற்குள் கடிதம் வந்தது. அனுமதி மறுப்பு. தவுக்கே எடுத்து வைத்திருந்த பட்டாசு அத்தனையையும் அன்று வெடித்தோம், கொக்குகளுக்குக் கேட்காதபடி காஜா பேராங் தெருவில். தெரு முழுக்கச் சிவப்புத் தாள். துரைசாமி அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "தப்பாப் பாத்தாலும் சரியாப் பாத்தான்டா!" என்று கத்தினார். மறு போகிக்கு மக்சிக்கின் இலையில் லோக்கான் இருந்தது. என் மூத்த மகள் பள்ளி முடிக்கும்வரை அந்த மரங்களில் கொக்கு பார்த்தாள்.

இன்று மேடு இல்லை. பின்னாளில் கடலையே மண்ணிட்டு நிரப்பினார்கள்; ஆற்று முகம் தள்ளிப் போய்விட்டது. மக்சிக்கின் மகள் பார்ச்சுக்கு வேறு எங்கிருந்தோ லோக்கான் வாங்குகிறார். அப்பா தொடுகிறாரோ என்னவோ என்று அவரும் சிரிக்கிறார்.

போன மாதம் அந்த மகள் ஒன்று சொன்னார். நீர் ஏறினால்தான் கொக்கெல்லாம் மரத்துக்கு வரும் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் என் புத்தகத்தோடு மேற்கொண்டு வாதாடவில்லையாம். அப்படியென்றால் வெறுங்கூடையை ஏன் தூக்கிவந்தார்? கேட்டுப்பார்க்க இன்று மக்சிக் இல்லை, அண்ணனும் இல்லை. என் நாட்குறிப்புகளைத் தேடிவிட்டேன், எதிலும் இல்லை. இது இன்னும் உறுதி செய்யப்படாத தகவல்.