இரண்டு வீட்டுக் காவல்

பாகூரில் செல்வகுமாரி நடத்தும் ஆன்லைன் சென்டரில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதற்குக் காவல் மட்டும் இரண்டு.

கடை திறந்த அன்று கம்ப்யூட்டரைப் பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டுவந்து இறக்கியவர் அவளுடைய அண்ணன் தங்கவேல். வைரஸ் அண்டாமலிருக்க ஆன்டிவைரஸையும் அவரே போட்டு, யாரும் அதை நீக்காதபடி பாஸ்வேர்டும் வைத்துவிட்டுப் போனார். தவளக்குப்பத்தில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் கொழுந்தன் புகழ்வேந்தனுக்கு அது பொறுக்குமா? மறுவாரமே தன் பங்குக்கு வேறொரு ஆன்டிவைரஸை ஏற்றினான். "பழச எடுத்துடலாம் அண்ணி. ரெண்டு இருந்தா ஆவாது" என்றான்.

"பாஸ்வேர்டு அண்ணங்கிட்ட கீது. அதும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும்பா."

பிறந்த வீட்டுச் சீரைத் தூக்கி வெளியே வைத்தால் அண்ணன் மனம் நோகும். கொழுந்தன் போட்டதை வேண்டாமென்றால் வீட்டில் ஒரு வாரத்துக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இரண்டு பக்கமும் நல்லவளாக இருந்துவிடலாம் என்று பார்த்தாள் செல்வகுமாரி. பிறந்ததிலிருந்தே அவளுக்கு அந்த ஆசை உண்டு. கம்ப்யூட்டருக்குத்தான் அந்தச் சம்பந்தி மரியாதை விளங்கவில்லை. ஒன்று ஃபைலைத் திறந்து சோதிக்கும்போதே மற்றது அதைப் பிடித்து இழுத்தது. மெஷின் நாளுக்கு நாள் சோர்ந்துபோனது. கேட்டவர்களிடம் நெட் சரியில்லை என்று சமாளித்துவந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மரியதாஸ் தன் மகள் சுவேதாவோடு வந்தார். கரும்பு வெட்டுகிறவர். சுவேதாவின் நர்சிங் விண்ணப்பத்துக்கு அன்று ஐந்து மணியோடு கெடு முடிகிறது. சான்றிதழ்கள் எல்லாம் கைக்கு வந்துசேர அன்று காலை ஆகிவிட்டது.

எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாயிற்று. மார்க் ஷீட்டை ஏற்றும் இடத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்து நிற்காமல் சுற்றியது. அணைத்துப் போட்டாள். மறுபடி உயிர் வர இருபது நிமிஷம் ஆனது. வந்ததும் மார்க் ஷீட்டையே சந்தேகப்பட்டு ஒன்று பூட்டிவைத்தது. பூட்டியதைத் திறக்க விடாமல் மற்றது மறித்தது.

நாலேகாலுக்கு சுவேதா மெதுவாகக் கேட்டாள். "அக்கா, கடைத்தெருவுல இன்னொரு சென்டர் கீதே, அங்க போயி பாக்கட்டுமா?"

"இவ்ளோ ஃபில் பண்ணிட்டு இன்னாத்துக்குடி? ரெண்டே நிமிஷம்."

அந்த ரெண்டு நிமிஷத்தை செல்வகுமாரி சாகும்வரை மறக்கப்போவதில்லை.

நாலரைக்கு அண்ணனுக்கு போன் போட்டுப் பாஸ்வேர்டு கேட்டாள்.

"என்னுத எடுத்துட்டு உன் கொழுந்தன் போட்டத வச்சிக்கப் போறியா? அங்க யாரு இன்னா சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லலண்ணா. அவசரம், சொல்லேன்."

"ஞாயித்துக்கெழம நானே வரேன். வந்து பேசிக்கறேன்." வைத்துவிட்டார்.

புகழ்வேந்தனைக் கூப்பிட்டால், "கஸ்டமர் கீறாங்க அண்ணி. நான் அன்னிக்கே சொன்னேன்" என்றான். கொழுந்தன் கோபித்தாலும் சரி என்று அவன் போட்டதை அவளே நீக்கப் பார்த்தாள். நீக்குகிற வேலையே சந்தேகத்துக்குரியது என்று அண்ணன் போட்டது பாதியில் நிறுத்திவிட்டது. பிறகு மவுஸும் நகரவில்லை.

சுவேதா தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மணி பார்த்தபடி இருந்தாள். ஐந்து அடித்ததும் விண்ணப்பிக்கும் நேரம் முடிந்தது என்று அதில் எழுதி வந்தது. சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டாள்.

மரியதாஸுக்கு எழுத்து தெரியாது. மகள் கிளம்புவதைப் பார்த்து அவரும் எழுந்தார்.

"இன்னிக்கு மெஷினுக்கு முடியல போல. நாளைக்குக் காலைல வந்துடட்டுமாம்மா? வேலைக்குப் போவாம வர்றேன்."

செல்வகுமாரி சுவேதாவைப் பார்த்தாள். சுவேதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிண்ணா, வாங்க" என்றாள் செல்வகுமாரி.