நான்காம் பதிப்பின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு

2007 ஆடி. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அங்கே ஓர் அச்சகத்தில் நான் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன்.

என் நண்பன் விருதுநகரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். தினசரி காலண்டருக்குத் தேதி அடுக்கித் தரும் மென்பொருள் ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டிருந்தான். மூன்று பதிப்புகள் வந்துவிட்டன. தமிழ் மாதப் பிறப்பு சில மாதங்களில் ஒரு நாள் தள்ளி விழும் பிழை மட்டும் போகவில்லை.

அவனிடம் ஒரு பழக்கம். வேலையைத் தொடங்கும் முன்பே வெளியீட்டுக் குறிப்பை எழுதி ஏற்றிவிடுவான். இந்த முறையும் அப்படித்தான்: ‘நான்காம் பதிப்பு. மாதப் பிறப்புப் பிழை சரிசெய்யப்பட்டது.’ கீழே ஐப்பசியில் ஒரு வெளியீட்டுத் தேதி.

“செய்யாததச் செஞ்சாச்சுன்னு எழுதுதியேலே!” என்றேன்.

“அச்சகத்துக்காரங்க நீங்க மட்டும் வராத வருசத்த அச்சடிச்சு ஆணியில மாட்டலையா? எழுதிட்டா செஞ்சுதானலே ஆகணும்.”

அந்தக் குறிப்பை ஏற்றிய வாரமே, கடை நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழவில்லை.

காரியங்கள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, இன்னொரு அச்சகத்து டைப்செட்டர் போன் செய்தார்.

“அண்ணாச்சி, பெறப்புக் கோளாறு போயிருச்சுன்னு போட்டிருக்கே. நேத்துதான் எறக்குனேன். அச்சுக்குப் பிளேட் போடச் சொல்லிரவா?”

அவர் இறக்கியது பழைய மூன்றாம் பதிப்பு. நான்காவது என்று ஒன்று அங்கே இல்லை.

“போட்றாதீக. ஆர்டர் மொத்தமும் வீணாப் போகும்.”

அன்று மாலையே விருதுநகர் போனேன். அவன் மனைவி கடையைத் திறந்துவிட்டார். கணினி முழுக்கத் தேடினேன். திருத்தியதற்கான ஒரு வரிகூட இல்லை.

“முடிச்சிட்டுத்தான் போயிருக்காக அண்ணே. அவுகளே எழுதியிருக்காகல்ல. நல்லாப் பாருங்க.”

மறுபடியும் ஒருமுறை தேடினேன்; இல்லை. இன்னும் அச்சுக்குப் போகக்கூடாத புரூஃப் தாளின் குறுக்கே மூலைக்கு மூலை சிவப்புப் பென்சில் கோடு இழுப்போம், கோடு இருக்கிற தாளை மிஷின்காரர் தொட மாட்டார் என்று மட்டும் சொன்னேன்.

“அவுக எழுதினத அடிச்சிருவீகளா?”

“ஒரு எழுத்தையும் தொட மாட்டேம்மா. மேல மட்டும் ஒரு சிவப்புப் பட்டை. ‘வரைவு. இந்தப் பதிப்பு இன்னும் வெளிவரவில்லை.’ அம்புட்டுத்தான்.”

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப வரும்னு இருக்கும், இல்லையா?” என்றார். கடவுச்சொல்லை அவரே தட்டிக் கொடுத்தார்.

ஐப்பசியில் அந்தத் தேதி வந்தது. காலையில் காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு, அச்சகத்துக் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சிவப்புப் பட்டைக்குக் கீழே, எல்லாம் முடிந்துவிட்டதாக அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

போன் அடித்தது. திரையில் அவன் கடை எண். எடுத்தேன்.

“அண்ணே,” என்றார் அவன் மனைவி. “தேதி வந்திருச்சு.”