மணல் அசையாத ராகம்

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப்போவதில்லை. எனக்கு இதைச் சொன்னவள் என் சித்தி மகள். வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். பொய் சொன்னால் பாதியிலேயே சிரித்து மாட்டிக்கொள்கிற ரகம். இதைச் சொன்னபோது அவள் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. பேய் வருவதற்கு ராத்திரியும் மழையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

சுண்டெலி ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். பிரஷ், பெயிண்ட் எல்லாம் கிடையாது. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி, படம் தானாக உருவாக வேண்டும். அவளும், கூடப் படிக்கும் தோழி நெட்டையும் சேர்ந்து ஒன்று செய்தார்கள். ஒரு மெல்லிய மரப்பலகை, அதன் மேல் சலித்த ஆற்று மணல், அடியில் ஒரு ஸ்பீக்கர். அறையில் கேட்கும் சத்தத்தை மைக் பிடிக்கும். புரோகிராம் அதை மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும். பலகை அதிர, மணல் துள்ளி ஒரு வடிவத்தில் வந்து நிற்கும். கை தட்டினால் நட்சத்திரம், பேசினால் அலை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மணலுக்கு ஓய்வே இல்லை. ஃபேன் சத்தம், டியூப்லைட் ரீங்காரம் என்று எல்லாவற்றுக்கும் நடுங்கிக்கொண்டே இருந்தது. பாடம் நடத்தும் மேடம் வந்து பார்த்தார். "இது கலை இல்லம்மா, குளிர்ஜுரம்" என்று சொல்லி ஃபெயில் போட்டுவிட்டுப் போனார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அதிலும் கோட்டை விட்டால் இரண்டு பேரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதற்கு அந்த வகுப்பில் ஒரு வழி உண்டு. 'வெறுமை எடுப்பது' என்பார்கள். மைக்கை உள்ளே வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். காலி அறையின் சத்தம் ஒரு நிமிடம் பதிவாகும். 'இதெல்லாம் ஒன்றுமில்லை, கழித்துவிடு' என்று புரோகிராமுக்குச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் அந்தச் சத்தங்களுக்கு மணல் அசையாது.

ஞாயிறு மதியம். கல்லூரியில் ஈ காக்கை இல்லை. நெட்டை பிரெட் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். சுண்டெலி தனியாக வெறுமை எடுத்தாள். வராந்தாவில் நின்று காத்திருந்துவிட்டு உள்ளே வந்து புரோகிராமை ஓடவிட்டாள். மணல் கல் மாதிரி கிடந்தது. கை தட்டினாள். அழகாக ஒரு நட்சத்திரம் வந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நெட்டை வந்தாள். பேசினாள், அலை எழுந்தது. நாற்காலியை இழுத்தாள், மணல் துள்ளியது. பிரெட்டை மென்றபடி வாய்க்குள்ளேயே ஏதோ ஒரு ராகம் இழுத்தாள்.

மணல் அசையவில்லை.

"இன்னொரு தடவை ஹம் பண்ணு."

பண்ணினாள். அசையவில்லை.

வெறுமையில் இருந்த சத்தத்தை மட்டும்தான் புரோகிராம் கழிக்கும். சுண்டெலி ஹெட்போனை மாட்டி அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டாள். ஃபேன்... டியூப்லைட்... அதற்கும் பின்னால், தூரத்தில், ஒரு பெண் குரல். அதே ராகம்.

"நான் வெளிய நின்னப்ப நீ உள்ள வந்தியா?"

"லூசா நீ? நான் கடையில நின்னேன்."

"அப்ப இந்த ராகம் உனக்கு எப்படித் தெரியும்?"

நெட்டை மெல்லுவதை நிறுத்தினாள். "தெரியலடி... உள்ள வந்ததும் வாயில வந்துச்சு."

மறுபடியும் எடுத்தார்கள். ஜன்னல்களை மூடி, அலமாரிக்குப் பின்னால்கூடப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் வெளியே வந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

பதிவில் இருந்தது.

இப்போது தூரத்தில் இல்லை... மைக்குக்குப் பக்கத்தில். கடைசியில் ராகம் நின்றது. மைக்கை யாரோ விரலால் தடவினார்கள். சர்ர்... சர்ர்...

நெட்டைக்கு முகம் வெளிறிவிட்டது. சுண்டெலிக்கும் பயம்தான். ஆனால் விடிந்தால் தேர்வு. வேறு அறையின் வெறுமையைப் போட்டுப் பார்த்தாள். மணல் பழையபடி நடுங்கியது. வேறு வழியில்லை.

"இதுவே இருக்கட்டும். யாரோ ஹம் பண்றாங்க, அவ்வளவுதானே. ஒண்ணுமில்லன்னு கழிச்சிரலாம்."

சுண்டெலி அதைச் சொன்னபோது ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அறை சட்டென்று அமைதியாகிவிட்ட மாதிரி இருந்ததாம்.

திங்கட்கிழமை எல்லாம் கச்சிதமாக நடந்தது. மேடம் வெகுநேரம் பலகையைப் பார்த்தார். நடுவில் ஒருமுறை நெட்டை தண்ணீர் குடிக்கப் போனாள், சுண்டெலி குனிந்து ஒயரைச் சரிசெய்தாள். நிமிர்ந்தபோது மேடம் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ரிசல்ட் வந்தது. பாஸ். நெட்டை அழுதேவிட்டாள்.

சுண்டெலி நன்றி சொல்ல மேடம் அறைக்குப் போனாள்.

"முதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு" என்றார் மேடம். "பின்னாடி நின்னு ஒருத்தி விடாம ஹம் பண்ணிட்டே இருக்காளேன்னு. அப்புறம்தான் புரிஞ்சுது. எல்லாத்துக்கும் ஆடுற மணல் அவளுக்கு மட்டும் ஆடல. ஒருத்தியை இருந்தும் இல்லாம ஆக்கிட்டீங்க. அதுக்குத்தான் பாஸ் போட்டேன்."



"மேடம்... நாங்க ரெண்டு பேர்தான்."

"விளையாடாத. நீ ஒயரைப் பார்க்கக் குனிஞ்சப்ப நான் அவகிட்ட பேர்கூடக் கேட்டேன்."

"என்ன... சொன்னா?"

"உன் பேரைத்தான் சொன்னா. ரெண்டு பேருக்கும் ஒரே பேரான்னு சிரிச்சுக்கிட்டேன்."

சுண்டெலி பலகை இருந்த அறைக்கு ஓடினாள். நெட்டை ஒயர்களைச் சுருட்டத் தயாராகிக்கொண்டிருந்தாள். புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி ஆச்சு?" என்றாள் நெட்டை. மணலில் அலை எழுந்து அடங்கியது.

சுண்டெலி பலகைக்குப் பக்கத்தில் போய்த் தன் பெயரைச் சொன்னாள்.

மணல் அசையவில்லை.

இன்னும் சத்தமாகச் சொன்னாள்... பிறகு கத்தினாள்.

ஒரு மணல் துகள்கூட அசையவில்லை.