கிளவுடுக்கு மேலூர் அக்காவைத் தெரியுமா?

இன்று எங்கள் வங்கியின் மதுரைத் தலைமை அலுவலகத்தில் மீட்டிங். எந்த ஊழியர் எதற்குள் நுழையலாம் என்று சரிபார்க்கும் லாகின் சிஸ்டத்தை, இன்டர்நெட் வழியாக இயங்கும் வெளிக் கம்பெனியின் கிளவுடுக்கு மாற்றுவதா, இங்கிருக்கும் எங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்வதா?

ஐடி பிரிவில் இருக்கும் நான் சர்வர் கட்சி. மூன்று வாரமாகத் தொண்டை வறளப் பேசியும் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

கிளவுடு விற்க வந்தவர் பேசி முடித்ததும், மேலூர் கிளையின் கேஷியர் கதீஜா அக்கா கை தூக்கினார்.

“அண்ணே, எங்க ஊர்ல ரோட்டைத் தோண்டி அடிக்கடி நெட் கேபிளை அத்துப்புடுறாய்ங்க. ஹெட் ஆபீஸ் லைன் தனியா ஓடுறதால வேலை நிக்காது. ஆனா நெட் இல்லாட்டி, நான் யாருன்னு உங்க கிளவுடுக்கு யாரு சொல்றது?”

வந்தவர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

ஜெனரல் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “சர்வர் நம்மகிட்டயே இருக்கட்டும்ப்பா.”

எனக்கு அம்புட்டுப் பெருமை. எங்க அக்கா!

கிளம்பும்போது அக்கா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “தம்பி, என் பாஸ்வேர்டு மறந்துபோச்சு. யார்ட்டயும் சொல்லாம மாத்திக் குடு.”

மாற்றிக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.