தேன்கனிக்கோட்டை பஸ் வரும்வரை

எங்கள் நூலகக் கூட்டமைப்பில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு எதிராக யாரும் கை தூக்க மாட்டார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரி நூலகங்களும், எல்லைக்கு அந்தப் புறம் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கல்லூரிகள் சிலவும் சேர்ந்து நடத்தும் அமைப்பு இது. ஆய்விதழ்களைச் சேர்ந்து வாங்குவோம். ஒரு வேன் வாரம் ஒருமுறை புத்தகங்களைக் கல்லூரிக்குக் கல்லூரி கொண்டு போகும். முடிவெல்லாம் கை தூக்கித்தான். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற சபையில் வாதாடுவதைவிட அது சுலபம். ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டே "நீ வேண்டாம்" என்று கை தூக்க எங்களில் யாருக்கும் மனசு வராது. நாளைக்கே அவரிடம் ஒரு புத்தகம் கேட்டு ஃபோன் செய்ய வேண்டியிருக்குமே!

எங்கள் தலைவருக்கு இது நன்றாகத் தெரியும். ஓசூரில் பெரிய பொறியியல் கல்லூரி ஒன்றின் நூலகர் அவர். மெதுவாகப் பேசுவார், சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பார். அன்றைக்கு அவர் கல்லூரியிலேயே நடந்த கூட்டத்தில், தேன்கனிக்கோட்டைக் கல்லூரியை நீக்கும் தீர்மானத்தை முதலாவதாக வைத்திருந்தார். தூரத்து பஸ்ஸில் வருகிறவர்கள் வந்து சேர்வதற்குள் முடித்துவிடலாம் அல்லவா?

அவர் சொன்ன காரணம், அந்தக் கல்லூரியில் ஆய்விதழ்களைப் படிப்பவர்கள் குறைவு என்பது. அங்கே நூலகர் ஒரு பெண். என்னைவிட வயதில் சிறியவள், ஒப்பந்த வேலை. கூட்டமைப்பில் இருப்பதைக் காட்டித்தான் அந்த நூலகத்தை மூடவிடாமல் வைத்திருந்தாள். வெளியே போனால் அறையைக் கம்ப்யூட்டர் லேப் ஆக்கிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. நூலகம் போனால் அவள் வேலையும் போகும். "நேர்ல வந்து எல்லார்கிட்டயும் சொல்லிப் பாக்கறேன்க்கா" என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள்.

கூட்டம் தொடங்குகிற நேரத்தில் ஃபோன் வந்தது.

"அக்கா, ரோட்டுல யானைங்க நிக்குதுங்க. ஃபாரஸ்ட்காரங்க பஸ்ஸ நிறுத்தி வெச்சிருக்காங்க. குட்டி கூட இருக்குதாம், எப்ப நகரும்னு தெரியலயாம். நான் வர்றதுக்குள்ள முடிச்சிருவாங்களாக்கா?"

"நீ வா. நான் பாத்துக்கறேன்" என்றேன். என்னத்தைப் பார்த்துக்கொள்வது? எனக்கே தெரியவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமி, "முதல் தீர்மானம்..." என்று ஆரம்பித்தார். அப்போதுதான் என் பையில் இருந்த அறிக்கை நினைவுக்கு வந்தது. மற்ற நாடுகளில் நூலகக் கூட்டமைப்புகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து எழுதும்படி போன கூட்டத்தில் என்னிடம் சொன்னதே அவர்தான். நிகழ்ச்சி நிரலில் அது கடைசி. எழுந்து நின்றேன்.

"சார், ஒருத்தர நீக்கறதுக்கு முன்னால, மத்த ஊர்ல எப்படி நீக்கறாங்க, எப்படி சேத்துக்கறாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா? நீங்க கேட்ட அறிக்கைதான்."

அவர் கேட்ட அறிக்கையை அவரே வேண்டாம் என்பாரா? "சுருக்கமா சொல்லுங்க மேடம்" என்றார்.

சுருக்கமாவா? பிரேசிலில் ஆரம்பித்தேன். அங்கே அரசே நாட்டுக்கெல்லாம் சேர்த்து ஆய்விதழ் வாங்கிக் கொடுக்கிறது என்று சொல்லி, அதன் நல்லது கெட்டது இரண்டையும் விரித்தேன். அரசு கையைச் சுருக்கினால் எல்லோரும் சேர்ந்து பட்டினி. பிறகு ஜெர்மனி. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு ஏற்பாடு. பிறகு அமெரிக்கா. அங்கே நூலகங்கள் தாமாகவே சேர்ந்துகொள்கின்றன, ஒவ்வொரு அமைப்புக்கும் தனி விதி. சிலதில் பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே வாக்கு, சிலதில் பெரியவர் சொல்வதுதான் எடுபடும். அந்த இடத்தில் தலைவரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சப்ஜெக்ட்டுக்கு வாங்க மேடம்."

"சப்ஜெக்ட்டே இதுதான் சார்."

அத்திப்பள்ளிக்காரர் நெளிந்தார். கன்னடக்காரர், நல்ல மனுஷன். "மேடம், பேக, சீக்கிரமா முடிச்சிருங்க. கம்பெனி பஸ்ஸெல்லா ரோட்டுக்கு வந்துட்டா நான் பார்டர் தாண்டறதுக்குள்ள ராத்திரி ஆயிரும்" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் பின்லாந்துக்குப் போனேன். அங்கே தேசிய நூலகத்தின் பொறுப்பில் பல்கலைக்கழகமும் ஊர்ப் பொது நூலகமும் ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன என்று படித்ததிலிருந்து எனக்கு அந்த ஊர்மேல் ஒரு ஆசை. பொய் சொல்வானேன், அதைச் சொல்லும்போது பஸ்ஸைக்கூடக் கொஞ்சம் மறந்துவிட்டேன். "குறைச்சலாப் படிக்கறாங்கன்னா சொல்லிக் கொடுக்கத்தானே கூட்டமைப்பு இருக்குது? வெளிய தள்ளறதுக்கா?" என்று குரலை உயர்த்திவிட்டேன். நாடுகள் தீர்ந்துகொண்டே வந்தன, ஃபோன் மட்டும் மினுங்கவில்லை.

சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்தேன். "பிரேசில் முடிஞ்சிருச்சு மேடம்" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. தலைவரும் சிரித்தபடி, "போதும், ரொம்ப நல்ல அறிக்கை. வாக்கெடுப்புக்குப் போகலாம்" என்றார். அவ்வளவுதானா? இவ்வளவு பேசியும்?

கதவு திறந்தது. அவள்தான். முடி கலைந்து, செருப்பெல்லாம் செம்மண். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

தலைவர் தீர்மானத்தைப் படித்தார். "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்."

ஒருவர் ஃபோனைப் பார்த்தார். ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அத்திப்பள்ளிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். ஒரு கைகூட எழவில்லை. மேஜைக்கு அடியில் அவள் என் விரல்களைப் பிடித்து நெரித்தாள். நானும் சந்தோஷத்தில் அவள் கையைத் திருப்பி அழுத்தினேன்.

தலைவர் முகம் மாறவில்லை. "சரி, இத அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெப்போம்" என்றார். பிறகு ரொம்பக் கனிவாக அவளைப் பார்த்தார்.

"பாவம், நீங்க யானைக்கெல்லாம் பயந்து இவ்வளவு தூரம் வரணுமா? அத்திப்பள்ளி சாருக்கும் பார்டர் டிராஃபிக். இனிமே கூட்டத்த ஆன்லைன்லயே வெச்சுக்கலாம். நெட் சரியில்லன்னா கேமராவ ஆஃப் பண்ணிக்கங்க. ஓட்டுக்கு பட்டன் இருக்குது. யாரு எதுக்குப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. என்ன சொல்றீங்க?"

எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. எனக்குச் சுருக்கென்றது. எழுந்தேன். "சார், அது வந்து..."

"மேடம்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "இன்னிக்கு உலகம் பூரா சுத்திட்டீங்க. கொஞ்சம் மத்தவங்களும் பேசட்டுமே." மறுபடி சிரிப்பு. அத்திப்பள்ளிக்காரர் ஏற்கெனவே பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். என் பேச்சைக் கேட்க அந்த அறையில் இனி ஒருவருக்கும் பொறுமை இல்லை.

"ஆதரிப்பவர்கள்?"

குனிந்து அவள் காதருகே, "வேணாம்மா" என்றேன். அவளுக்குக் காதில் விழவில்லை. என் விரல்களை விட்டுவிட்டு, எல்லோருக்கும் முந்தி அவள்தான் கையைத் தூக்கினாள். "நல்லதாப் போச்சுக்கா" என்றாள், மூச்சு இன்னும் அடங்காமல். "இனி அந்த பஸ்ஸுல உக்காந்து தவிக்க வேணாம்."