ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற ரசிகர்

செய்தி வந்தபோது நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். 'டம்ப் ரோடு' இசைக்குழு முந்தின நாள்தான் புதுப் பாட்டு ஒன்றை வெளியிட்டிருந்தது. பழைய வேகம் திரும்பிவிட்டது என்று ஒரு கட்சி, அரைக்கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே அனல் பறந்தது. பெங்களூர் ரயில் பங்காருப்பேட்டையை நெருங்கும்போது 'தாஸ் அண்ணா' எழுதிக்கொண்டிருப்பதாகத் திரையில் தெரிந்தது. "வந்துட்டார்பா. இன்னிக்கு டிஃபனே வேணாம், திட்டுலயே வயிறு ரொம்பிடும்" என்றார் எதிரில் இருந்த நண்பர். வந்ததோ அவர் மகள் ஷீபா எழுதியது. "அப்பா காலைல தவறிட்டாங்க. நாளைக்கு அடக்கம்."

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரோக்கியதாஸ் தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் பிறந்து, அங்கேயே வாழ்ந்தவர். சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடும் மிஷின் பிடித்தவர். சுரங்கம் மூடியதும் எங்களைப் போலவே ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு கட்டடத்துக்குக் காவல் வேலைக்குப் போனார். அதே சமயத்தில்தான் லைன் வீட்டுப் பையன்கள் நாலு பேர் கிடார், டிரம்ஸ் என்று ஆரம்பித்தார்கள். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டை ஒட்டிப் போகிற சாலையில் ஒத்திகை பார்த்ததால் அந்தச் சாலையின் பெயரையே குழுவுக்கும் வைத்துக்கொண்டார்கள். அவர்களின் முதல் சிடியைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்றவர் தாஸ் அண்ணா. வேண்டாம் என்றவர்கள் வீட்டுக்கு மறுநாளும் போனார்.

நான் அவரை முதலில் பார்த்தது எங்கள் ஊர் ஸ்கெலட்டன் மைதானத்தில், ஒரு கிறிஸ்துமஸ் காலத்துக் கச்சேரியில். அந்தக் காலத்து டம்ப் ரோடு எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். பாட்டா, பாறை வெடியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் நண்பர்கள் இழுத்ததால் போனேன், தலைவலியோடு திரும்பினேன். இவர் மட்டும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றிருந்தார். சவுண்டு போடுகிறவர் வந்து, "இன்னாண்ணா, தள்ளி நில்லு. காது போய்டும்" என்றார். "போறதுக்கு இன்னாபா கீது? நீ போடு" என்றார் இவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும்தான்.

இரண்டாவது சிடியில் குழுவின் சத்தம் மாறியது. டிரம்ஸ் பின்னுக்குப் போனது, புல்லாங்குழல் வந்தது, பாடகன் ஜெயசீலன் கத்துவதை விட்டுப் பாட ஆரம்பித்தான். என்னைப் போன்றவர்கள் ரசிகர்களானது அப்போதுதான். தாஸ் அண்ணாவுக்கு அது துரோகமாகப் பட்டது. தினமும் ரயிலில் வழக்கு நடக்கும். எங்கள் ஊரில் சத்தமாகப் பேசினால் கோபம் என்று அர்த்தம் இல்லை, ஆனால் பங்காருப்பேட்டையில் ஏறுகிறவர்களுக்கு அது தெரியாது. அடிதடி என்று நினைத்து வேறு பெட்டிக்குப் போய்விடுவார்கள், எங்களுக்கும் கால் நீட்ட இடம் கிடைக்கும். "பாட்டுன்னா நெஞ்சுல வந்து இடிக்கணும்டா. இது இன்னாடா, பக்கத்து வூட்ல யாரோ பேசிக்கிற மாதிரி?" என்பார். "மூணாவது பாட்டுல அந்தப் புல்லாங்குழல் கேட்டியாண்ணா?" என்று நான் ஒருநாள் மடக்கினேன். அவர் என்னைப் பார்த்து, "எந்தப் புல்லாங்குழல்?" என்றார். பெட்டியே கைதட்டியது. ஒரே சொல்லில் அந்த சிடியைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார் என்று எதிர்க்கட்சிக்காரர்களான நாங்களே பாராட்டினோம்.

மூன்றாவது ஆல்பத்தில் பாதி இசையைக் கம்ப்யூட்டர் செய்தது, பாடகன் முணுமுணுத்தான். பெங்களூரில் ஒரு அரங்கத்தில், நாற்காலி போட்டு, விளக்கை மங்கலாக்கிக் கச்சேரி வைத்தார்கள். தாஸ் அண்ணா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். நாலாவது பாட்டில் எழுந்து போய்விட்டார். மறுநாள் ரயிலில், "ஒண்ணுமே வாசிக்கலியேடா" என்றார். எல்லோரும் சிரிக்க, அவர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இனிமே வாசிக்க மாட்டாங்க போல" என்றார். அதன் பிறகு அவர் எந்தக் கச்சேரிக்கும் வரவில்லை. ஜெயசீலனுக்கு இது பெரிய அடி. பத்திரிகைகள் பாராட்டியதை எல்லாம் விட்டுவிட்டு, "தாஸ் அண்ணா பாதியில எழுந்து பூட்டாரு" என்று பார்க்கிறவரிடம் எல்லாம் புலம்பினான்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தாஸ் அண்ணா வீட்டில் சாப்பிட அழைத்திருந்தார்கள். போயிருந்தேன். வாசலில் புதிதாகப் பொருத்தியிருந்த அழைப்பு மணி பறவை போலக் கீச்சிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், உள்ளே மணிக்கு அடியிலேயே நாற்காலி போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த தாஸ் அண்ணா அசையவில்லை. அடுப்படியிலிருந்து அவர் மனைவி பிலோமினா அண்ணி ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"அவருக்கு இந்த பெல்லு கேக்காது. குருவி கத்துனா கேக்காது, குக்கரு விசில் அடிச்சா கேக்காது. தடிச்ச சத்தம்தான் கேக்கும்" என்றார் அண்ணி, சாதாரணமாக.

"எப்பலேர்ந்து அண்ணி?"

"மைன்ஸ்ல மிஷின் புட்சிகினு இருந்தாரே, அப்பலேர்ந்தே."

"எங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"இன்னாத்த சொல்றது? இந்த லைன்ல யாருக்குத்தான் கேக்குது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தப் புல்லாங்குழல் என்று அவர் கேட்டது கிண்டல் அல்ல, கேள்வி. ஒன்றுமே வாசிக்கவில்லை என்றதும் விமர்சனம் அல்ல. மங்கலான அரங்கத்தில் நாலாவது பாட்டு வரை அவர் கண்ணுக்கு முன்னால் அந்தப் பையன்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மிஷின் பிடித்தவர்கள் பாதிப் பேருக்குக் காது மந்தம் என்பது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எல்லோருமே சத்தம் போட்டுப் பேசுகிற ஊரில், யாருக்கு எது கேட்கவில்லை என்று யாரும் பார்ப்பதில்லை. வேறு ஊராக இருந்தால் பத்து நாளில் கண்டுபிடித்திருப்பார்கள். நாங்கள் பல வருடம் அதை ரசனை என்று நினைத்து விவாதம் செய்துகொண்டிருந்தோம்.

விஷயம் ஜெயசீலனுக்குப் போனது. ஷீபா காது மிஷினுக்கு ஏற்பாடு செய்தாள். முதலில் மாட்டேன் என்றார். "ஒரு மிஷின் காதை எடுத்துச்சு, இன்னொரு மிஷின் குடுக்குதா?" என்று சண்டை. ஜெயசீலன் வீட்டுக்கே வந்து, "எனக்காகப் போட்டுக்கோண்ணா" என்ற பிறகுதான் மாட்டிக்கொண்டார். பழகக் கொஞ்ச காலம் ஆனது. பேப்பர் கசங்கினால்கூடத் திட்டினார். பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், மூன்றாவது ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஜெயசீலன் அவருக்குப் போட்டுக் காட்டினான். நாங்கள் நாலைந்து பேர் கட்டிலிலும் தரையிலுமாக உட்கார்ந்திருந்தோம். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தோம். சொல்லப்போனால் நாங்கள் அழத் தயாராகவே வந்திருந்தோம்.

பாட்டு முடிந்தது. தாஸ் அண்ணா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாம் கேட்டுச்சு. அந்தக் குழல் வாசிக்கிற பையன் நல்லா வாசிச்சிகிறான். அவனுக்குக் கை குடுக்கணும்" என்றார். பிறகு, "ஆனா பாட்டு புடிக்கல" என்றார்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். ஜெயசீலன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏண்ணா புடிக்கல?"

"நீ யாருக்கோ பயந்துகினு பாடற மாதிரி கீது. மெதுவா பாடு, வேணாங்கல. மெதுவா பேசறவன்லாம் பயந்தவன் இல்ல. ஆனா நீ பயப்படற."

அண்ணி கொடுத்த காப்பியை ஜெயசீலன் குடித்துவிட்டு, தாஸ் அண்ணாவின் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். எனக்குத்தான் வருத்தம். இவ்வளவு பாடுபட்டும் மனிதர் இறங்கி வரவில்லையே என்று ரயிலில் எல்லோரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகும் அவர் கச்சேரிக்கு வரவில்லை. உடம்பு முடியவில்லை என்றார்கள். பாட்டு பிடிக்கவில்லை, அதனால்தான் வரவில்லை என்று நாங்கள் முடிவு கட்டிக்கொண்டோம். ஜெயசீலனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான்.

அடக்கத்தன்று லைன் முழுக்கக் கூட்டம். எங்கள் குணம் சாவு வீட்டிலும் போகவில்லை. பெட்டியைத் தூக்குவதற்கு முன் குழு எந்தப் பாட்டை வாசிப்பது என்று தெருமுனையில் ரசிகர்கள் இரண்டு கட்சியாக நின்றோம். முதல் சிடியில் இருந்துதான் வாசிக்க வேண்டும், அவர் உயிரே அதுதான் என்றது ஒரு கட்சி. இந்த ஒரு தடவை நானும் அந்தக் கட்சி. ஜெயசீலன் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. நேராக அண்ணியிடம் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"புதுப் பாட்டு முந்தாநேத்து வுட்டோமே, அண்ணா கேட்டாரா அண்ணி?"

"இல்லப்பா. நாளைக்குக் கேக்கறேன்னு சொல்லிட்டுப் படுத்தாரு. அவரு கேட்டதெல்லாம் அந்த மூணாவதுதான்."

"அது புடிக்கலன்னாரே?"

"புடிக்கலதான். காலைல காபி குடிச்சதும் மிஷினை மாட்டிகினு அதைத்தான் போடுவாரு. முழுசா கேப்பாரு. 'இன்னும் புடிக்கல'ன்னுட்டு எழுந்து போவாரு. மறுநாளு மறுபடியும் போடுவாரு. உனக்கு இன்னா பைத்தியமான்னு கேட்டேன். 'நம்ம புள்ளைங்க பண்ணது, ஒருநாள் புடிக்கும்டீ'ன்னாரு."

ஜெயசீலன் எழுந்து மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் பாடினான். மைக் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. புல்லாங்குழல் மட்டும் கூட வந்தது. மெதுவாகத்தான் பாடினான், ஆனால் தெருமுனையில் நின்ற எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. சாமியார் ஜெபப் புத்தகத்தை மூடி வைத்துக் காத்திருந்தார். கல்லறை வரைக்கும் எந்தக் கட்சிக்காரனும் வாய் திறக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று என்ன மிஞ்சியது என்று யோசித்தேன். எனக்குத் தலைவலி தந்த அந்த முதல் சிடியின் பாட்டுகளை ஷீபாவிடம் கேட்டுப் போனில் ஏற்றிக்கொண்டேன். தினமும் ஊரிகத்தில் ரயில் கிளம்பியதும் காதில் மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறேன். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. நாளைக்கும் கேட்பேன்.