மருந்துச் சட்டையும் பிளக் பொறியும்

என் வீட்டுக்காரர் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறார். அன்று வேலை முடிந்து வந்த கையோடு கடைக்குக் கிளம்பினார். பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. வாசலிலேயே பிளக்கைக் கழற்றி, இன்ஜினில் ஒட்டிப் பிடித்து, பொறி வருதா என்று கிக்கரை மிதித்தார். நீலமாகப் பொறி தெறித்தது. அவர் சட்டைக் கையில் மருந்துத் தூள் வெள்ளியாக மின்னியது.

"ஏங்க, கம்பெனிக்குள்ள செல்போனைக்கூடக் கொண்டுபோக மாட்டீக. இங்கன மருந்துச் சட்டையோட பொறி பாக்குறீகளா?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயந்தான்" என்று சிரித்தவர், குனிந்து சட்டைக் கையைப் பார்த்ததும் பிளக்கைக் கீழே போட்டுவிட்டார்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், பெட்ரோல் டேப் மூடிக் கிடந்திருக்கிறது!

இப்போதெல்லாம் அவர் வண்டியை நிறுத்தியதுமே சாவியை வாங்கிக்கொள்கிறேன். குளித்துச் சட்டை மாற்றினால்தான் தருவேன். ஆனாலும் கிக்கர் சத்தம் கேட்டால் அடுப்படியில் என்னால் நிற்க முடியவில்லை. வாசலுக்கு ஓடிப்போய் சட்டையைத்தான் பார்க்கிறேன்.